கார் ரேடியோவில் பாடும் கொசு

2011 தீபாவளிக்கு ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். கும்பகோணம் பக்கத்து மனிதர். மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து, முப்பத்தைந்து வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர். வைட்ஃபீல்டில் அவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று தினமும் சாயங்காலம் காரில் ஒரு சுற்று கூட்டிப் போவேன். காடுகோடி, ஹோப் ஃபார்ம், இன்னர் சர்க்கிள் பக்கம் போய் வீடு திரும்புவோம்.

அப்பாவுக்கு ஊர் சுற்றுவதில் பெரிய ஆசை கிடையாது. சாயங்கால மாநிலச் செய்தி கேட்க வேண்டும், மேட்டூர் அணை நீர்மட்டம் எவ்வளவு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். "பெங்களூர்ல உக்காந்து காவேரித் தண்ணியக் குடிச்சுக்கிட்டே மேட்டூர் லெவல் கேக்கறேன் பாரு" என்று அவரே சிரித்துக்கொள்வார். மழைக்காலத்தில் இருட்டிய பிறகு மீடியம் வேவில் திருச்சி நிலையம் இங்கே லேசாகக் கிடைக்கும். கிடைக்க வேண்டும். என் காரில் கிடைத்ததோ ஒரு கொசு!

உய்ய்ய் என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் கொசு உச்ச ஸ்தாயிக்குப் போகும், காலை எடுத்தால் இறங்கும். பாட்டை அலற விட்டே வண்டி ஓட்டிப் பழகிய எனக்கு அது உறைக்கவே இல்லை. அப்பா சொன்னபோது, "உங்களுக்குக் காது கொஞ்சம் வயசாயிடுச்சுப்பா, எஃப்.எம். வைக்கட்டுமா?" என்றேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் "நான் வரல, நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கொசுவைத் துரத்திக்கொண்டு போன கதைதான் இது. நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுபவன். கிர்ச்சாஃப் விதியைவிட வட்டி விகிதம்தான் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தோண்டத் தோண்ட இந்த இரைச்சலுக்குள் நூற்றுச் சொச்சம் வருஷச் சரித்திரமே இருக்கிறது. எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதல் வானொலியே இரைச்சல்தான்

1887-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரத்தில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் ஒரு சோதனை செய்தார். தூண்டு சுருள் ஒன்றில் உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, சின்ன இடைவெளியில் பொறி பறக்க வைத்தார். அறையின் இன்னொரு பக்கம் இருந்த வளையத்திலும், எந்தக் கம்பித் தொடர்பும் இல்லாமல், குட்டிப் பொறி ஒன்று தெறித்தது. மின்காந்த அலை காற்றில் போகிறது என்பதற்கு அதுதான் நேரடிச் சாட்சி. 1895-ல் நம் ஜகதீஷ் சந்திர போஸ், கல்கத்தா டவுன் ஹாலில் இதே மாதிரிப் பொறியில் பிறந்த அலையைச் சுவர் தாண்டி அனுப்பி மணியடிக்க வைத்தார். மார்க்கோனியின் தந்தியும் பொறிதான். 1912-ல் டைட்டானிக் மூழ்கும்போது உதவி கேட்டதும் பொறி டிரான்ஸ்மிட்டர் மூலமாகத்தான்.

இப்போது உங்கள் கார் பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. ஸ்பார்க் பிளக்கின் சின்ன இடைவெளியில் பொறி பறக்கிறது. ஹெர்ட்ஸ் மேஜை மேல் வைத்திருந்த அதே சமாச்சாரம்! நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி 3000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நொடிக்கு 100 பொறி. அதாவது நாம் ஒவ்வொருவரும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டரின் மேல் உட்கார்ந்துகொண்டு, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இன்னொரு டிரான்ஸ்மிட்டரைக் கேட்கப் பார்க்கிறோம். பக்கத்து இலைக்காரர் காதருகே கத்தும்போது பந்தியின் கடைசியில் இருப்பவர் பேசுவது கேட்குமா?

கடன் கிடைக்காத ரேடியோ

காரில் ரேடியோ வைப்பதில் முதல் தலைவலியே இதுதான். சிகாகோவில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்ற சகோதரர்கள் 1928-ல் ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். 1929-ல் பங்குச் சந்தை விழுந்து நாடே திண்டாடியபோது, பிழைக்க வழி தேடியவர்கள் கார் ரேடியோவில் இறங்கினார்கள். வில்லியம் லியர், எல்மர் வேவரிங் என்ற இளைஞர்கள் கூட இருந்தார்கள். (லியர் பின்னாளில் லியர்ஜெட் விமானம் கட்டியவர்.) வால்வு ரேடியோவைக் காருக்குள் அடக்குவது ஒரு வேலை என்றால், எஞ்சின் போடும் சத்தத்தை அடக்குவது அதைவிடப் பெரிய வேலை. பொறி பாயும் வயர்களில் ரெசிஸ்டர் வைத்தார்கள், டைனமோவில் கண்டென்சர் போட்டார்கள், ரேடியோவை உலோகப் பெட்டிக்குள் மூடினார்கள்.

1930-ல் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு நடந்தது. உள்ளே கடை போடக் காசில்லை. பால் கால்வின் தன் ஸ்டூடிபேக்கர் காரைச் சிகாகோவிலிருந்து ஓட்டிப் போய் மாநாட்டு வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கேட்டார்கள், ஆர்டர் கிடைத்தது. அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர் மோட்டரோலா. 1947-ல் கம்பெனியின் பெயரும் அதுவே ஆனது.

இதில் எங்கள் ஜாதிக்காரர் ஒருவரும் வருகிறார். (வங்கி ஜாதியைச் சொல்கிறேன்!) கடன் கேட்கப் போன கால்வின், மேனேஜரைக் குளிர வைக்க அவருடைய பேக்கார்ட் காரில் ஒரு ரேடியோ பொருத்திக் கொடுத்ததாகவும், அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்ததாகவும், கடன் கிடைக்கவில்லை என்றும் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ ஜோடனையோ, அந்த மேனேஜர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

சத்தத்தை யார் அடக்குவது?

இந்தச் சரித்திரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். கேட்பவர் நல்ல ரேடியோ வாங்கிக்கொள்ள வேண்டுமா, அல்லது சத்தம் போடுகிற இயந்திரத்தைச் செய்தவர் அதை அடக்க வேண்டுமா?

நம் ஊரில் வானொலி வந்த கதையைப் பாருங்கள். 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னையில் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பினார். 1927-ல் பணமில்லாமல் நின்றுபோனது. அந்த டிரான்ஸ்மிட்டரை வாங்கிக்கொண்ட மாநகராட்சி 1930-லிருந்து ஒலிபரப்பியது. 1938-ல் சென்னையிலும், 1939-ல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி வந்தது. அந்தக் காலத்துச் சென்னையில் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. டிராமின் தலைக்கம்பி உரசும் இடத்தில் பறக்கிற பொறியும் குட்டி ஹெர்ட்ஸ்தான். ரேடியோ பரவப் பரவ, டிராம், மோட்டார், லிஃப்ட், மருத்துவக் கருவி என்று எல்லாமே அதற்கு எதிரிகளாயின.

1930-களின் தொடக்கத்தில் பல நாட்டுப் பொறியாளர்கள் பாரிஸில் கூடி, வானொலிக் குறுக்கீட்டுக்கென்றே சிஸ்பர் என்ற சர்வதேசக் குழுவை உண்டாக்கினார்கள். சத்தம் போடும் கருவிதான் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிரிட்டன் 1952-ல் வண்டிகளின் இக்னிஷனுக்கே தனியாக விதி போட்டது. இன்று சிஸ்பர் 12 என்பது நம் வண்டியின் சத்தம் அக்கம்பக்கத்து ரேடியோக்களைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்கிறது. சிஸ்பர் 25 என்பது அதே வண்டிக்குள் இருக்கும் ரேடியோவைக் காப்பாற்றுகிறது. இந்தியாவில் இதற்கு ஏ.ஐ.எஸ். 004 என்ற தரம் இருக்கிறது.

இதெல்லாம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் நிலையத்துக்கு இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை, அதன் பலத்த குரலில் எல்லாம் அமுங்கிவிடும். இரைச்சல் முதலில் சாப்பிடுவது தூரத்துக் குரலைத்தான். ஊரை விட்டு வந்த நமக்கு, நம்முடைய நிலையம் எப்போதுமே தூரத்து நிலையம். பம்பாயிலிருந்து திருநெல்வேலியைத் தேடியவர்களையும், ஜாம்ஷெட்பூரிலிருந்து சென்னையைத் தேடியவர்களையும் கேட்டால் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. அமைச்சர் பி.வி. கேஸ்கர் 1952-ல் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டியபோது, ஜனங்கள் கூட்டமாக இலங்கை வானொலிக்கு மாறினார்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் கடல் தாண்டி வந்து நம் வீட்டு மனிதர்களின் குரலாயின. எங்கள் வீட்டிலும் சலங்கை மாதிரி பித்தளை வலை ஏரியல் மாடியில் தொங்கும். பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டால் பாட்டு போயிற்று. தெருவில் மொபெட் ஒன்று போனால் டர்ர்ர். அம்மா ஜன்னல் வழியாக அந்த மொபெட்காரரைத் திட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. சிஸ்பர் விதியின் சாரம் முழுவதும் அந்தத் திட்டில் இருந்தது!

எஃப்.எம். வந்தும் கொசு போகவில்லை

இரைச்சலை வெல்ல வேறொரு வழி கண்டவர் அமெரிக்கரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். ஏ.எம். ஒலிபரப்பில் செய்தி அலையின் பலத்தில் இருக்கிறது. மின்னலும் பொறியும் கெடுப்பதும் அதே பலத்தைத்தான். செய்தியை அதிர்வெண்ணில் வைத்தால் என்ன என்று யோசித்தார். சாமி புறப்பாட்டில் வெடிச் சத்தத்துக்கு நடுவே நாதஸ்வரம் சன்னமாகப் போனாலும் ராகம் இன்னதென்று தெரிகிறதல்லவா, அந்த மாதிரி. 1933 டிசம்பரில் எஃப்.எம்.முக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு பெரிய கம்பெனிகளோடு வழக்கு மேல் வழக்கு. கையில் காசும் மனதில் தெம்பும் தீர்ந்து 1954 ஜனவரியில் தற்கொலை செய்துகொண்டார். அவர் மனைவி மரியன் விடாமல் வழக்காடி ஜெயித்தார். கடைசி வழக்கு 1967-ல் முடிந்தது. எதிராளி யார் தெரியுமா? கார் ரேடியோ கொண்டுவந்த அதே மோட்டரோலா.

இந்தியாவில் எஃப்.எம். முதலில் வந்தது சென்னைக்கு, 1977-ல். நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் 2001-ல் எங்கள் பெங்களூரில். தெளிவான ஒலிதான், ஆனால் எட்டும் தூரம் சில பத்து கிலோமீட்டர். மேட்டூர் நீர்மட்டம் அதில் வராது.

என் காரிலோ எஃப்.எம்.மிலும் கொசு, பென் டிரைவிலும் கொசு. ஒரு கார் ஸ்டீரியோ கடைக்குப் போனேன். "செட்டையே மாத்தணும் சார், ஆம்ப்ளிஃபயரோட சேத்து பதினெட்டாயிரம்" என்றார்கள். தயங்கியதும், 350 ரூபாய்க்கு ஒரு ஃபில்டரை மாட்டிவிட்டார்கள். கொசு கொஞ்சம் இளைத்தது, சாகவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இப்ப உனக்கும் கேக்குதா?" என்றார். கேட்கிறது என்றேன். கார் வரைக்கும் வந்தார்.

"எஞ்சினை நிறுத்து, சாவிய மட்டும் ஆன்ல வை." கொசு இல்லை.

"ஸ்டார்ட் பண்ணு." கொசு வந்தது.

"ஏரியல் வயரைப் புடுங்கு." கொசு போகவில்லை.

"அப்ப காத்துல வரல. வயர்லதான் வருது. எர்த் எங்கடா அடிச்சிருக்கான்?"

டேஷ்போர்டின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். கருப்பு வயரை ஒரு தகட்டில் திருகியிருந்தார்கள், பெயின்ட் மேலேயே! டிக்கியில் இருந்த ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் தனியாக வேறொரு மூலையில். அப்பா உப்புத்தாளால் இரண்டு இடத்திலும் பளபளவென்று தேய்த்தார், பல்வாஷர் போட்டு இறுக்கினார். கொசு செத்தது. செலவு ஐந்து ரூபாய் உப்புத்தாள்.

நடந்தது என்ன? காரில் இருப்பது ஆல்டர்னேட்டர். உள்ளே உண்டாவது மூன்று ஃபேஸ் மாறுமின்னோட்டம். ஆறு டயோடுகள் அதை நேர்மின்னோட்டமாக்கும்போது முழுசாக வழுவழுப்பாகாது, மேலே சின்ன அலை தங்கும். எஞ்சின் 1000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது அந்த அலை ஏறக்குறைய 1500 ஹெர்ட்ஸ், 2000-த்தில் 3000 ஹெர்ட்ஸ். இரண்டுமே நம் காதுக்குள் அடங்கும் சத்தம், அதனால்தான் ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்குகிறது. எர்த் சரியில்லாமல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால், அந்த அலை இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒலிக் கேபிள் வழியாகச் சுற்ற ஆரம்பிக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பாட்டென்று நினைத்துப் பெரிதாக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. முதல் மோட்டரோலாவில் வேலை செய்தார் என்றேனே, எல்மர் வேவரிங், பின்னாளில் கார்களுக்கான ஆல்டர்னேட்டரை உருவாக்கும் முயற்சிக்கும் அவரே தலைமை தாங்கினார். 1960-ல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தபின் டைனமோவின் காலம் முடிந்தது. கார் ரேடியோவைக் கொண்டுவந்த கைக்கே கொசுவிலும் பங்கு உண்டு!

கொசு போனதும் அதன் அடியில் இன்னொன்று கேட்டது, ஏ.எம்.மில் மட்டும் டிக் டிக் டிக். ஏரியலைப் பிடுங்கினால் நின்றது. அது ஹெர்ட்ஸ். முந்தின சர்வீஸில் யாரோ மலிவான பிளக்குகளைப் போட்டிருந்தார்கள். நல்ல பிளக்கின் உள்ளேயே ஐயாயிரம் ஓம் அளவில் ரெசிஸ்டர் இருக்கும், பெரும்பாலும் எண்ணோடு ஆர் என்ற எழுத்து சேர்ந்திருக்கும். அதை மாற்றினோம்.

மறுநாள் இருட்டியதும் இன்னர் சர்க்கிளில் மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். 1882-ல் டி.எஸ். ஒயிட், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்காக மைசூர் மகாராஜா தந்த நிலத்தில் அமைத்த குடியிருப்பு அது. ஐ.டி. கட்டடங்களின் இரைச்சல் எட்டாத மூலை. அலை ஏறி இறங்கினாலும் திருச்சி வந்தது. மேட்டூர் அணை நீர்மட்டம் வந்தது. அப்பா இரண்டு விரலைக் காட்டி "சத்தத்தைக் குறை" என்றார். பல நாளாக அவர் சத்தத்தைக் கூட்டத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாரிப்பா, காதுன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"அதுக்கென்ன. செட்டைக் குத்தம் சொன்ன, காதைக் குத்தம் சொன்ன, வயரை மட்டும் பாக்கல" என்றார். அவ்வளவுதான்.

இப்போது என்ன?

அந்தக் கேள்வி மறுபடியும் வந்திருக்கிறது. மின்சாரக் காரில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆனால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இன்வர்ட்டர் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதன் குறுக்கீடு சரியாக மீடியம் வேவில் வந்து விழுகிறது. உலோக உறை, ஃபில்டர் என்று அடக்க வழி இருக்கிறது, காசு செலவாகும். டெஸ்லா, பி.எம்.டபிள்யூ. போன்றவர்கள் மின்சார வண்டிகளில் ஏ.எம். ரேடியோவையே எடுத்துவிட்டார்கள். ஃபோர்டும் எடுக்கப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2023-ல் பின்வாங்கியது. அதே வருஷம், எல்லா வண்டியிலும் ஏ.எம். கட்டாயம் என்ற மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. சத்தம் போடுபவர் அடக்க வேண்டும் என்று பாரிஸில் தொடங்கியதை, கேட்பவர் காதை எடுத்துவிடலாம் என்று முடிக்கப் பார்க்கிறார்கள்.

"செல்போன் ஆப்பில் எல்லா நிலையமும் வருதே" என்பீர்கள். உண்மைதான். ஆகாசவாணியும் பல மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்தி எஃப்.எம்.மை விரிவாக்கி வருகிறது. நானும் ஆப்பில்தான் கேட்கிறேன். ஆனால் புயல் அடித்து செல்போன் கோபுரம் சாயும் நாளில் அந்த ஆப் வாய் திறக்காது. டெல்டாக்காரனுக்கு 2018 கஜா புயல் மறக்காது.

உங்கள் காரிலும் கொசு பாடினால் செட்டை மாற்றுவதற்கு முன்னால் நாலு சோதனை. எஞ்சினை நிறுத்தினால் சத்தம் நிற்கிறதா? எஞ்சின் வேகத்தோடு ஏறினால் ஆல்டர்னேட்டர் பக்கம், எர்த்தைப் பாருங்கள். ஏரியலைப் பிடுங்கினால் நிற்கிறதா? பிளக், வயர், ஏரியலின் அடி எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். செல்போன் சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறதா? சார்ஜரை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் கடைக்குப் போங்கள்.

போன மாதம் ஒரு மின்சாரக் கார் பார்க்கப் போனேன். "இதுல ஏ.எம். வருமா?" என்று கேட்டேன். விற்பனைப் பையன் ஙே என்று முழித்தான். "அப்படின்னா என்ன சார்?"

ராத்திரி போனில் அப்பாவிடம் சொன்னேன். இப்போது எழுபத்தெட்டு வயது, காது நிஜமாகவே மந்தம்தான். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "வண்டி வாங்கறது இருக்கட்டும், மேட்டூர்ல எவ்வளவு?" என்று கேட்டார்.